தேடுவதற்கு ஒன்றும் இல்லாத திரை

செப்டம்பர் 9, செவ்வாய்

இதைக் கையில் எடுத்தது யாராக இருந்தாலும், உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன், மூடி, இருந்த இடத்திலேயே செருகிவிடுங்கள். படிக்காமல் இருக்க முடியாது என்றால் படியுங்கள். ஆனால் யாரிடமும் காட்டாதீர்கள். முக்கியமாக அப்பாவிடம். அதைவிட முக்கியமாக அம்மாவிடம்.

விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அப்பா எந்தக் கதவையும் தட்டுவதில்லை, நேராகத் திறந்துவிடுவார். அம்மா ஒரு விரலால் இரண்டு தட்டு தட்டுவாள். அக்கா இருந்தபோது காலால் உதைப்பாள்.

இன்று அம்மாவின் மெயிலைச் சுத்தம் செய்து கொடுத்தேன். அம்மா அச்சகத்துக்கு மெய்ப்பு பார்க்கிறவள். பக்கங்கள் மெயிலில் வரும், பிழை திருத்தி மெயிலிலேயே அனுப்புவாள். கண்ணில் அழுத்தம் ஏறியதிலிருந்து அந்தத் திரையைப் பார்த்தாலே அவளுக்குத் தலை சுற்றுகிறது. இடது பக்கம் முழுக்க ஃபோல்டர்கள், வலது பக்கம் காலண்டர், மேலே இரண்டு வரிசை பட்டன்கள், நடுவில் செருப்பு வாங்கு, கடன் வாங்கு என்று விளம்பரங்கள். "சந்தைக்குள்ள உட்கார்ந்து சாமான் பொறுக்கற மாதிரி இருக்குடி, ஏதாவது பண்ணு" என்றாள்.

பண்ணினேன். காலண்டரை மூடினேன். பட்டன்களை எடுத்தேன். ஃபோல்டர் பட்டியலை மறைத்தேன். எழுத்தைப் பெரிதாக்கினேன். விளம்பரம் எல்லாம் தானாகப் போய் விழுவதற்குக் 'குப்பைமேடு' என்று ஒரு ஃபோல்டர் வைத்தேன். முடித்தபோது திரையில் இன்பாக்ஸ் மட்டும்தான் இருந்தது, வெள்ளை அடித்த சுவர் மாதிரி. அம்மா பார்த்துவிட்டு, "இப்பதான் மூச்சு விட முடியுது" என்றாள். எனக்குத் தலை கால் புரியவில்லை.

அப்புறம் அவள் கண்ணில் சொட்டு மருந்து போட்டுக்கொண்டு உள்ளே போய்ப் படுத்தாள். மருந்து போட்டால் கொஞ்ச நேரம் கண்ணை மூடியே இருக்க வேண்டும். அந்த நேரத்தில்தான் அது வந்தது. தெரியாத ஏதோ அலுவலக முகவரி. தலைப்பு: 'அம்மா, நான்தான்.'

அக்கா.

அப்பா பின்னால் நின்றது எனக்குத் தெரியாது. முழுவதையும் படித்தார். நானும் படித்தேன். என் தோளில் கையை வைத்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் அழுது தப்பித்திருப்பேன்.

"இவகிட்டேருந்து வர்றதெல்லாம் அந்தக் குப்பைமேட்டுக்கே போற மாதிரி பண்ண முடியுமா பாப்பா?"

முடியும் என்றேன். வாத்தியார் கேள்வி கேட்ட மாதிரி பட்டென்று சொன்னேன். முடியாது என்று சொல்லியிருந்தால் அவருக்குத் தெரியவா போகிறது? மவுஸை எந்தப் பக்கம் பிடிப்பது என்றே தெரியாதவர். நாக்கா இது?

எந்த மெயில் எங்கே போக வேண்டும் என்று கம்ப்யூட்டரில் ஒரு விதி போட வேண்டும். அதைச் சேமிக்கும்போது அதற்கு ஒரு பெயர் வை என்று கேட்டது. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. 'அப்பா சொன்னது' என்று அடித்தேன். வந்திருந்த மெயிலும் அதோடு குப்பைமேட்டுக்குப் போய்விட்டது.

செப்டம்பர் 10, புதன்

"ஏதாவது வந்திருக்காடி?" என்று அம்மா கேட்டாள். அச்சகத்திலிருந்து இரண்டு வந்திருக்கிறது என்றேன். அவள் கேட்டது அதை இல்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

தூக்கம் வரவில்லை. எதிர்க் கட்டிலில் அக்காவின் மெத்தையைச் சுருட்டி வைத்திருக்கிறார்கள். இருட்டில் யாரோ முதுகு காட்டி உட்கார்ந்திருக்கிற மாதிரி தெரிகிறது.

அக்கா போய் ஒன்பது மாதம். அவள் கட்டிக்கொண்டவர் லிஃப்ட் மெக்கானிக். அப்பா மருந்துக் கிடங்கில் மேலாளர், எதுவும் அதனதன் தட்டில் இருக்க வேண்டும் அவருக்கு. "அவன் மேல போறானா கீழ போறானான்னு அவனுக்கே தெரியாது, இவ அவனை நம்பிப் போறாளாம்" என்றார். அதற்கு அக்கா சிரித்துவிட்டாள். அதுதான் வினையாகப் போய்விட்டது. அம்மாவும் அன்றைக்குக் கோபத்தில் வாய்விட்டாள். "போனா போனதுதான், நான் தேடி வர மாட்டேன்."

ஒரு மாதம் கூடத் தாங்கவில்லை அம்மாவுக்கு. அக்காவின் பழைய ஃபோன் நம்பர் வேலை செய்யவில்லை. அவளுடைய பழைய மெயில் முகவரிக்கு எழுதினாள், அப்படி ஒரு முகவரியே இல்லை என்று திரும்பி வந்தது. அப்பா வீட்டு ஃபோன் நம்பரையும் அம்மா நம்பரையும் மாற்றிவிட்டார். ஒரு தடவை அக்கா நேரிலேயே வந்தாள். அம்மா கண் ஆஸ்பத்திரியில் இருந்த நாள். அப்பா கதவைத் திறக்கவில்லை. நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்துக் கையை மேலே தூக்கி, எவ்வளவு வளர்ந்துவிட்டாய் என்று சைகை காட்டினாள். நான் திரையை இழுத்து மூடினேன். அப்பா அறைக்குள் வந்துகொண்டிருந்தார்.

அதை அம்மாவிடம் சொல்லவில்லை. இதையும் சொல்லவில்லை. அப்பா சொன்ன காரணம் இதுதான்: "அவ எழுதினா அம்மா அழுவா. அழுதா கண்ணுல அழுத்தம் ஏறும். கண்ணு போயிடுச்சுன்னா நீ திருப்பிக் குடுப்பியா?"

நான் எங்கிருந்து கொடுப்பேன்.

செப்டம்பர் 18, வியாழன்

இரண்டாவது வந்துவிட்டது. அம்மா மருந்து போட்டுப் படுத்த நேரத்தில் ஃபோல்டர் பட்டியலைத் திறந்து பார்த்தேன். குப்பைமேட்டில் செருப்பு விளம்பரத்துக்கும் மெத்தைத் தள்ளுபடிக்கும் நடுவில் அக்கா உட்கார்ந்திருந்தாள்.

சமைக்கக் கற்றுக்கொண்டாளாம். அவர் சாப்பிட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் தண்ணீர் குடித்தாராம், ஒரு சொம்பு. வேலை செய்கிற இடத்தில் எல்லாரும் அவளைப் பெரிய மனுஷி மாதிரி நடத்துகிறார்களாம், சிரிப்பாக வருகிறதாம். கடைசியில், "ஒட்டடைக்குச்சி எப்படி இருக்கா? நெலவாசல்ல தலை இடிக்குதா?" என்று எழுதியிருந்தாள். அது நான்தான். ஒல்லியாக உயரமாக இருப்பதால் அந்தப் பெயர். அவளைத் தவிர வேறு யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. ஒன்பது மாதமாக யாருமே கூப்பிடவில்லை.

படித்ததை மறுபடி படிக்காத மாதிரி மாற்றிவைத்தேன். எழுத்து தடிமனாகத் திரும்பியது. பட்டியலை மறைத்தேன். சுவர் வெள்ளையாகிவிட்டது.

சாயந்திரம் அப்பா ஷூவைக் கழற்றிக்கொண்டே வழக்கம்போலக் கேட்டார், "வந்துச்சா பாப்பா?" இல்லப்பா என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. சந்தோஷப்படுவார் என்று பார்த்தால், கழற்றிய ஷூவைக் கையில் பிடித்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.

செப்டம்பர் 20, சனி

அம்மா வேலைக்கு நடுவில் கையை மடியில் போட்டுக்கொண்டு திரையையே பார்த்தாள். என்னம்மா என்றேன்.

"ஒண்ணுமில்லை. ரொம்ப சுத்தமா பண்ணி வச்சிருக்கேடி. தேடறதுக்கு ஒண்ணுமே இல்லை."

பாராட்டாகத்தான் சொன்னாள். நான் பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். பக்கத்தில் ஒரு கமா விட்டுப்போனாலும் பிடித்துவிடுகிறவள். பெற்ற பெண்ணையே ஒருத்தி மறைத்து வைத்திருக்கிறாள், தெரியவில்லையே அவளுக்கு. எப்படித் தெரியும்? நான்தான் அவ்வளவு நன்றாகச் செய்திருக்கிறேனே.

செப்டம்பர் 25, வியாழன்

போச்சு.

முதல் மெயிலைக் காணோம்.

குப்பைமேட்டில் இரண்டாவது இருக்கிறது, முதலாவது இல்லை. அப்பா அழித்துவிட்டாரோ என்று முதலில் நினைத்தேன். அவருக்கு அந்தப் பட்டியலைத் திறக்கவே தெரியாது. அம்மா? இல்லை. அப்புறம்தான் ஞாபகம் வந்தது. விளம்பரம் சேர்ந்து அடைத்துக்கொள்ளக் கூடாது என்று அன்றைக்கே ஒரு செட்டிங் போட்டேன். குப்பைமேட்டில் பதினைந்து நாள் ஆனதெல்லாம் தானாக அழியும். அழிந்தவை இருக்கும் இடமும் கம்ப்யூட்டரை மூடும்போது காலியாகும். இரண்டையும் நான்தான் போட்டேன். கெட்டிக்காரத்தனம்.

அப்பா அழிக்கச் சொல்லவே இல்லை. அங்கே போடத்தான் சொன்னார். அங்கே இருந்தாலாவது பத்திரமாக இருக்கும், என்றைக்காவது ஒருநாள் அம்மாவிடம் காட்டலாம் என்று நானும் உள்ளுக்குள் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒளித்துவைத்தேன் என்று நினைத்தேன். கொன்றுகொண்டிருந்தேன்.

செட்டிங்கை எடுத்துவிட்டேன். எடுத்து என்ன? கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்களே, அதுதான். நம்ம வீட்டில் அந்தப் பழமொழியைச் சொல்லவே பயமாக இருக்கிறது.

ஞாபகம் இருப்பதையாவது எழுதி வைக்கிறேன். 'அம்மா, நான்தான். கோவமா? எனக்கும் கோவம்தான். ஆனா உன் குரல் கேட்டு எவ்ளோ நாளாச்சு.' அப்புறம் வேலை கிடைத்தது பற்றி. அப்புறம் அவளுக்கு ஜுரம் வந்த ஒரு ராத்திரி, கதவில் ஒரு விரல் தட்டுகிற சத்தம் கேட்டு எழுந்து போய்த் திறந்தாளாம், யாருமே இல்லையாம். இன்னும் நிறைய இருந்தது. ஒரே ஒரு தடவைதான் படித்தேன், அதுவும் தோளில் அப்பா கை இருந்தபோது. ஏன் மனப்பாடம் செய்யவில்லை? வேண்டாத செய்யுளை எல்லாம் மனப்பாடம் செய்கிறேனே.

செப்டம்பர் 26, வெள்ளி

ஒன்றும் எழுத முடியவில்லை.

அக்டோபர் 1, புதன்

மூன்றாவது வந்துவிட்டது. இது சின்னது. அப்படியே எழுதிவைக்கிறேன், இனிமேல் கம்ப்யூட்டரை நம்ப மாட்டேன்.

'அம்மா, நீ படிக்கிறியான்னே தெரியல. படிச்சிட்டுப் பேசாம இருக்கியோன்னும் தோணுது. அவருக்கு வெளிநாட்டுல வேலை கெடைச்சிருக்கு. பத்தாம் தேதி வெள்ளிக்கிழமை மத்தியான ரயில்ல கெளம்பறோம். இது ஆபீஸ் மெயில், அன்னிக்கோட மூடிடுவாங்க. இனிமே நானா எழுதித் தொல்லை பண்ண மாட்டேன். ஸ்டேஷன் வாசல்ல பெரிய கடிகாரம் இருக்கில்ல, அதுக்குக் கீழே காலையிலேருந்து உக்காந்திருப்பேன். கோவம்னா கோவத்தோடயே வா. வந்து திட்டிட்டுப் போ.'

இதைப் படித்துவிட்டு நான் பட்டியலை மறைத்தேன். என் கை அதுபாட்டுக்கு மறைத்தது.

அக்டோபர் 3, வெள்ளி

சொல்லிவிடலாம் என்று சமையலறை வாசல்வரை போனேன். அம்மா திரும்பி, "என்னடி, பேயைப் பார்த்த மாதிரி நிக்கறே" என்றாள். பசிக்கிறது என்றேன். சாப்பாடு போட்டாள். தின்றேன். வெட்கம் கெட்ட வயிறு.

சொன்னால் அழுவாள். அழுதால் கண் போகும். கண் போனால் வேலை போகும். அப்புறம் அந்த இருட்டில் அவள் உட்கார்ந்திருக்க, நான்தான் காரணம் என்று ஆயுசுக்கும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். சொல்லாவிட்டால் அக்கா கடிகாரத்துக்குக் கீழே உட்கார்ந்திருப்பாள். எந்தப் பக்கம் போனாலும் இடிக்கிறது.

அப்பா எனக்குப் புது ஷூ வாங்கி வந்தார். அளவு சரியாக இருக்கிறதா என்று தரையில் உட்கார்ந்து கட்டைவிரலை அழுத்திப் பார்த்தார். "இந்த வீட்டுல நீ ஒருத்திதான் சொன்ன பேச்சு கேக்கறே" என்றார். அவர் தலையில் நரைமுடி தெரிந்தது. அவரை வெறுக்கலாம் என்று பார்க்கிறேன், அதுவும் முழுசாக வர மாட்டேன் என்கிறது.

அக்டோபர் 6, திங்கள்

அம்மாவோடு கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அம்மா உள்ளே பரிசோதனைக்குப் போனதும், மருந்துத் தட்டோடு வந்த நர்ஸிடம் கேட்டேன். குரல் எனக்கே கேட்கவில்லை. இரண்டாம் தடவை கேட்டேன். கண்ணில் அழுத்தம் இருக்கிறவர்கள் அழுதால் கண் போய்விடுமா?

"யாரு உனக்கு இப்படிச் சொன்னது?" என்று என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்படிப் பார்த்தா ஊர்ல பாதிப் பொம்பளைங்களுக்குக் கண்ணே இருக்காதேம்மா. உள்ள அழுத்தற தண்ணி வேற, வெளிய வர்ற தண்ணி வேற. சொட்டு மருந்தை நேரத்துக்குப் போடட்டும். அழணும்னா தாராளமா அழட்டும்."

பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

அப்பாவுக்கு இது தெரியுமா, தெரியாதா? மருந்துக் கிடங்கில் இருபது வருஷமாக இருக்கிறார். தெரிந்தே சொன்னாரா? தெரியாமல் பயந்தாரா? எது என்றாலும் எனக்குத் தாங்காது.

வீட்டுக்கு வரும் வழியில் அம்மா கையைப் பிடித்துக்கொண்டேன். "என்னடி குழந்தை மாதிரி" என்றாள், ஆனால் விடவில்லை. இவளிடம் வாயைத் திறந்து சொல்ல எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை. கண் ஒன்றும் ஆகாது என்று தெரிந்த பிறகும் வரவில்லை. அப்படியென்றால் நான் பயந்தது அவள் கண்ணுக்காக இல்லையா? என்னை எப்படிப் பார்ப்பாள் என்றுதானா இத்தனை நாளும்?

அக்டோபர் 8, புதன்

வாயால் முடியாததைக் கையால் செய்தேன்.

அப்பா குளிக்கப் போனார், அம்மா மருந்தோடு படுத்தாள். மெயில் திறந்ததும் எந்த ஃபோல்டர் வர வேண்டும் என்று ஒரு செட்டிங் இருக்கிறது. இன்பாக்ஸை எடுத்துவிட்டுக் குப்பைமேட்டை வைத்தேன். உள்ளே இருந்த செருப்பு, மெத்தை, கடன் எல்லாவற்றையும் அழித்தேன். மிச்சம் அக்காவின் இரண்டு மெயில் மட்டும். பட்டன்களில் ஒன்றை மட்டும் மேலே திரும்பக் கொண்டுவந்தேன்: பதில் எழுது. எழுத்தை இன்னும் பெரிதாக்கினேன். அச்சகத்து வேலைகூடக் கண்ணில் படாது. நாளைக்குக் காலையில் அப்பா கிளம்பின பிறகு அம்மா கம்ப்யூட்டரைத் திறந்தால் அந்த வெள்ளைச் சுவரில் அவள் பெண்ணைத் தவிர வேறு எதுவும் இருக்காது.

இவ்வளவுதான் எனக்குத் தெரியும். அப்பா அதற்கு முன்னால் உட்கார்ந்துவிட்டால்? கரண்ட் போய்விட்டால்? நாளைக்கென்று அம்மா திறக்காமல் விட்டுவிட்டால்? விடியவே கூடாது என்று இருக்கிறது.

அக்டோபர் 9, வியாழன்

ஸ்கூலில் என்ன நடத்தினார்கள் என்று தெரியாது. ஓடி வந்தேன். அம்மா காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். "கை கால் கழுவிட்டு வா" என்றாள். எப்போதும் போல. முகத்தில் ஒன்றுமே இல்லை. கண் கொஞ்சம் சிவப்பு, ஆனால் அது மருந்தாலும் இருக்கும். கம்ப்யூட்டர் அணைந்திருந்தது. திறக்கவே இல்லையோ? திறந்து, பார்த்து, மூடிவிட்டாளோ? படித்தும் மனசு இளகவில்லையோ? கேட்க முடியவில்லை. அவளும் என்னைக் கேட்கவில்லை. ஏதாவது வந்திருக்கா என்றுகூடக் கேட்கவில்லை. தினமும் கேட்பாள்.

அப்பா வந்தார். ஷூவைக் கழற்றினார். "வந்துச்சா பாப்பா?"

என் வாய் திறந்தது. அதற்குள் அம்மா சமையலறையிலிருந்து வந்து நின்றாள். கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே சொன்னாள்:

"எனக்கு வந்திருக்கு. நாளைக்குக் காலையில நான் வெளியில போகணும். நேர்லயே போய்த் திருத்த வேண்டிய வேலை."

அச்சகத்தில் அப்படி எப்போதும் கூப்பிட்டதில்லை. அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மாவும் அப்பாவைப் பார்த்தாள். அவர் எப்போ வருவே என்றும் கேட்கவில்லை, எங்கே என்றும் கேட்கவில்லை. கழற்றின ஷூவை ஜோடியாகச் சேர்த்து வைத்தார், அப்புறம் மறுபடி எடுத்துச் சேர்த்து வைத்தார்.

எல்லாரும் படுத்த பிறகு தண்ணீர் குடிக்கப் போகிற மாதிரி போய்க் கம்ப்யூட்டரைத் திறந்தேன்.

நான் மறைத்தது எல்லாம் திரும்ப வந்திருந்தது. இடது பக்கம் ஃபோல்டர்கள், வலது பக்கம் காலண்டர், மேலே இரண்டு வரிசை பட்டன்கள். அதே சந்தை. அம்மாவுக்கு இதெல்லாம் செய்யத் தெரியும் என்றே எனக்குத் தெரியாது. அவ்வளவு கூட்டத்துக்கு நடுவில் குப்பைமேட்டைக் காணோம். அந்த இடத்தில் 'பெரியவள்' என்று இருந்தது. அதற்குள் அந்த இரண்டு மெயில், தடிமன் போய், படித்த எழுத்தில்.

திரைக்கு நடுவில் ஒரு சின்னப் பெட்டியை மூடாமல் விட்டிருந்தாள். விதிகளின் பட்டியல். அதில் ஒரு வரி மட்டும் நீலமாக இருந்தது.

'அப்பா சொன்னது.'

பிழையின் கீழே கோடு போட்டு வைக்கிற மாதிரி வைத்திருக்கிறாள். யார் சொன்னது என்று அவளுக்குத் தெரியும். யார் செய்தது என்றும் தெரியும். அவளை விட்டால் இந்த வீட்டில் அதைச் செய்யத் தெரிந்தது ஒரே ஆள்தான்.

அப்படியே விட்டுவிட்டு அறைக்கு வந்துவிட்டேன். முதல் மெயில் எங்கேடி என்று கேட்டால் என்ன சொல்வேன்? அது இல்லை அம்மா, நான் அதை அழித்துவிட்டேன், வேண்டுமென்று இல்லை, சுத்தமாக இருக்கட்டும் என்று... இதை எந்த முகத்தோடு சொல்வேன். நாளைக்குக் கடிகாரத்துக்குக் கீழே அக்காவே சொல்லுவாள், மூணு மெயில் போட்டேனே அம்மா என்று. அப்போது அம்மா திரும்பி நினைத்துப் பார்ப்பாள். என்னை.

ஞாபகம் வருவதை எல்லாம் இப்போதே எழுதிக் கிழித்துக் கொடுத்துவிட வேண்டும். 'அம்மா, நான்தான். கோவமா? எனக்கும் கோவம்தான். ஆனா உன் குரல் கேட்டு எவ்ளோ நாளாச்சு.' வேலை. ஜுரம். கதவுச் சத்தம். அதற்கப்புறம் ஒரு வரி இருந்தது, இத்தனை நாள் வரவில்லை, இப்போது வருகிறது. 'ஒட்டடையைத் திட்டாதே அம்மா, அவ பயந்தாங்கொள்ளி, அவளை

கதவில் ஒரு விரல். இரண்டு தட்டு.